குமட்டலும் சுக்குத் தண்ணியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கத்து மளிகைக் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டி வைத்துவிடுவார்கள். தீபாவளி லேகியத்துக்கு. அதே நாள்களில்தான் சம்பா நடவு முடிந்த வயல்களில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் மருந்தடிக்கிற வேலையும் சூடுபிடிக்கும். இரண்டும் ஒன்றாக வருவதால்தானோ என்னவோ, இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மூன்று இஞ்சியைப் பற்றியே இருக்கின்றன.

பாபநாசம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மருமகளுக்கு மூணாம் மாசம். சோறு கொதிக்கிற வாடை வந்தாலே ஓங்கரிக்கிறா. பக்கத்து வீட்டுத் தம்பி செல்லுல ஆர்டர் போட்டு இஞ்சி மாத்திரை ஒரு டப்பா வாங்கிக் குடுத்திருக்கு. குடுக்கலாமா? சம்பந்தி வீட்ல, இஞ்சி சூடு, கரு தங்காதுன்னு பயமுறுத்துறாங்க. இதே மாத்திரைய என் வீட்டுக்காரரும் சாப்பிடலாமான்னு கேக்குறாரு. அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் ஆகுது."

ஒரத்தநாடு பக்கம் கூலிக்கு மருந்தடிக்கும் ஒருவர் கேட்டிருப்பது: "காலைலேர்ந்து பத்து டேங்க் அடிச்சா மத்தியானம் குமட்டும், தலை சுத்தும். டீக்கடைல இஞ்சி டீயோ, வீட்ல சுக்குத் தண்ணியோ குடிச்சா ராத்திரிக்குள்ள சரியாயிடும். மறுநாளும் வேலைக்குப் போறேன். இஞ்சி மாத்திரை போட்டுக்கிட்டு அடிச்சா குமட்டாம இருக்குமா?"

மூன்றாவது கேள்வி பேராவூரணியிலிருந்து வந்தது. தென்னைக்கு நடுவே இஞ்சி போட்டால் வருமா என்பது அது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அவசரமானது இரண்டாவது கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில்: கூடாது. ஏன் கூடாது என்பது விளங்க வேண்டுமானால் முதல் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்குதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டின் காரமும் ஒன்றல்ல. பச்சை இஞ்சியின் காரத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். கிழங்கு காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு ஷோகா என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர் இது. ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட அதிகம். சுக்கு நாக்கில் பட்டதும் உறைப்பு தொண்டை வரை இறங்குவது இதனால்தான். காலையில் இஞ்சி, பகலில் சுக்கு என்று பெரியவர்கள் இரண்டையும் தனித்தனி மருந்தாகவே வைத்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது.

குமட்டல் எப்படி உண்டாகிறது? வயிற்றிலும் குடலிலும் உள்ள நரம்புகள் மூளைக்கு அனுப்பும் சேதி அது. அந்தச் சேதியைக் கடத்துவதில் செரட்டோனின் என்ற சுரப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இஞ்சியின் காரப் பொருள்கள் குடலில் அந்தச் சேதி போகும் வாசலை ஓரளவு அடைக்கின்றன என்பது ஆய்வுக்கூடங்களில் கண்டது. ஆஸ்பத்திரியில் வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் மாத்திரையும் இதே வாசலைத்தான் அடைக்கிறது, இன்னும் பலமாக. இன்னொன்று, இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்குகிறது. 2008-இல் தைவானில் நோயில்லாத 24 பேருக்கு 1.2 கிராம் சுக்குத் தூளைக் கொடுத்து, பிறகு சூப் குடிக்கவைத்து அளந்து பார்த்தார்கள். இரைப்பையில் இருந்தது பாதியாகக் குறைய ஆன நேரம், இஞ்சி சாப்பிடாதபோது ஆனதில் ஏறக்குறைய பாதிதான்.

இதைக் கேட்டதும் அஜீரணத்துக்கு இதுவே போதும் என்று தோன்றும். அதே ஊரில் மூன்று ஆண்டுகள் கழித்து, நாள்பட்ட செரியாமை உள்ள 11 பேரிடம் திரும்பச் சோதித்தார்கள். அவர்களுக்கும் வயிறு சீக்கிரம் காலியானது. ஆனால் பொருமலும் வலியும் குறைந்ததாக அவர்கள் சொல்லவில்லை. மாத்திரை டப்பாக்களில் முதல் சோதனையின் முடிவு மட்டும்தான் அச்சாகும்.

விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் மந்தம், பயணத்தில் பஸ் குலுங்கும்போது வரும் பிரட்டல், கர்ப்பிணிகளின் மசக்கை, இவற்றில் இஞ்சிக்கு வேலை உண்டு. இதில் மிக நன்றாகச் சோதிக்கப்பட்டது மசக்கைதான். 2001-இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் 70 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் மொத்தம் 1 கிராம் இஞ்சித் தூளும் இன்னொரு பிரிவுக்கு அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரையும் 4 நாள்களுக்குக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. இஞ்சி சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல் கூடுதலாகக் குறைந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த சோதனைகளும் பெரும்பாலும் இதையே காட்டின: குமட்டல் குறைகிறது, வாந்தியின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. இந்த அளவில் கொடுத்ததால் கரு கலைந்தது என்றோ பிள்ளைக்குக் குறை வந்தது என்றோ அந்தச் சோதனைகளில் தெரியவரவில்லை. சம்பந்தி வீட்டாரின் பயத்துக்கு இதுவே பதில். ஆனால் முன்பு கரு கலைந்தவர்கள், இந்தக் கர்ப்பத்தில் இரத்தக்கசிவு கண்டவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள் மாத்திரையாகச் சாப்பிடுவதைத் தவிர்ப்பதே நல்லது.

1 கிராம் என்றால் எவ்வளவு? சலித்த சுக்குத் தூளில் தலைதட்டிய அரை டீஸ்பூன் ஏறக்குறைய 1 கிராம் வரும். அதை ஒரே தடவையாக இல்லாமல் நான்காகப் பிரித்து, காலையில் எழுந்ததும் ஒரு முறை, பிறகு சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கப் போகுமுன்னும் என்று வெந்நீரில் கலந்து கொடுக்கலாம். பனைவெல்லமோ கொஞ்சம் தேனோ சேர்த்தால் தொண்டையில் இறங்கும். பச்சை இஞ்சி என்றால் நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது கட்டைவிரல் நுனியளவு. பச்சை இஞ்சி 5 கிலோ காய்ந்தால் சுக்கு 1 கிலோ என்பது வியாபாரிகளின் கணக்கு. அதே கணக்கு இங்கும் பொருந்தும்.

அரை டீஸ்பூன் சுக்குத் தூளின் விலை எவ்வளவு இருக்கும்? 2023-இல் இஞ்சி கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்றபோதுகூட, ஒரு நாளைக்கு வேண்டிய 5 கிராமின் விலை 1 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு மாத்திரை வாங்குபவர்கள் வாங்கலாம். வாடையே ஆகாத கர்ப்பிணிக்கு, காரம் நாக்கில் படாமல் விழுங்கிவிடலாம் என்பது மாத்திரையின் ஒரே சௌகரியம். வாங்கினால் டப்பாவில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் இஞ்சி என்று இருக்க வேண்டும். அது வெறும் தூளா, சத்தெடுத்த எக்ஸ்ட்ராக்டா என்று இருக்க வேண்டும். 250 மில்லிகிராம் தூளும் 250 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்டும் ஒன்றல்ல, பின்னதில் பல மடங்கு கிழங்கின் சாரம் இருக்கலாம். உணவுப் பொருளாக விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், சித்த அல்லது ஆயுர்வேத மருந்தாக விற்றால் மருந்து உற்பத்தி உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கூட்டு மாத்திரைகள் கர்ப்பிணிக்கு வேண்டவே வேண்டாம். இஞ்சியோடு வேறு என்னென்னவோ மூலிகைகள் அதில் இருக்கும்.

மருமகளுக்கு இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கி, மூன்றாம் மாதம் முடிந்து நான்காம் மாதம் பிறக்கையில் தணிந்துவிடும். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, எடை இறங்குகிறது என்றால் அது மசக்கையைத் தாண்டிவிட்டது. அப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்" என்று மாமியார்களும், "இஞ்சிச் சாறு குடு" என்று பக்கத்து வீட்டாரும் சொல்லிக்கொண்டிருப்பதில் நாள்கள் போய்விடுகின்றன. கிராம சுகாதார செவிலியரிடம் மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் மாதம் முதல் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்குக் குமட்டும்; அதைத் தூக்கி எறியாமல், இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாமா என்று அவரிடமே கேட்கலாம்.

வீட்டுக்காரர் விஷயம் வேறு. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுவார்கள். வால்வு மாற்றியவர்கள் வார்ஃபரின் சாப்பிடுவார்கள். இஞ்சிக்கும் இரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் குணம் உண்டு என்று கருதப்படுகிறது. ரசத்திலும் துவையலிலும் சேர்க்கும் இஞ்சியால் ஒன்றும் ஆகாது. தினசரி மாத்திரையாக என்றால், இருதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவோரும், பித்தப்பையில் கல் உள்ளோரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் இப்படியே கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்செரிச்சலும் குடற்புண்ணும் உள்ளவர்களுக்கு இஞ்சி கூடினால் எரிச்சலும் கூடும். யாராக இருந்தாலும் ஒரு நாளைக்கு 4 கிராம் சுக்குக்கு மேல் போக வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு.

ஸ்டென்ட் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டெல்டா கிராமங்களில் மாரடைப்புக்கு வைத்திருக்கும் பெயர் "கேஸ்". மேல்வயிற்றில் அழுத்தம், ஏப்பம் வருவதுபோல இருந்து வராமை, குமட்டல், குப்பென்று வியர்வை. உடனே ஒரு கோலி சோடா, இல்லாவிட்டால் இஞ்சிச் சாறு, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பார்கள். சிலர் எழுந்திருப்பதில்லை. இருதயத்தின் அடிப்பக்கத்தில் வரும் அடைப்பு பெரும்பாலும் வயிற்று உபாதை மாதிரியே தோன்றும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சர்க்கரையோ புகைப்பழக்கமோ உள்ளவர்களுக்கு, வியர்வையோடு வரும் "கேஸ்" என்றால் இஞ்சியைத் தேடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளைக்குரிய மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

இனி ஒரத்தநாட்டு வாசகரின் கேள்வி.

அவருக்கு வரும் குமட்டல் வயிற்றில் பிறந்ததல்ல. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ், அசிபேட் போன்றவை ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள். பூச்சியின் நரம்பில் ஒரு நொதியை முடக்குவதுதான் இவற்றின் வேலை. அந்த நொதி மனிதன் உடம்பிலும் இருக்கிறது. நரம்பு ஒரு கட்டளையை அனுப்பிய பிறகு அதை நிறுத்துவது அதன் பொறுப்பு. அது முடங்கினால் கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மதகைத் திறந்துவிட்டு மூட முடியாமல் போன வாய்க்கால் மாதிரி. எச்சில் ஊறும், வியர்க்கும், கண்ணில் நீர் வடியும், குடல் முறுக்கும், குமட்டும், கண்மணி சுருங்கும். இன்னும் ஏறினால் தசை துடிக்கும், மூச்சுக்குழலில் சளி நிறையும், மூச்சு விடுகிற தசையே ஓய்ந்துபோகும்.

இங்கே குமட்டல் ஒரு எச்சரிக்கை மணி. இஞ்சி அந்த மணியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடும்; நொதியை மீட்க அதனால் முடியாது. மாத்திரை போட்டுக்கொண்டு மருந்தடித்தால், முன்பு பத்தாவது டேங்கில் நின்றவர் பதினைந்தாவது டேங்க் வரை போவார். இராத்திரிக்குள் சரியாகிவிடுகிறது என்று அவர் எழுதியிருப்பதும் முழு உண்மையல்ல. அறிகுறி அடங்கிவிடுகிறது. இரத்தத்தில் அந்த நொதி பழைய அளவுக்கு வர நாள்களும் வாரங்களும் ஆகும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அடிப்பவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். பத்து நாள் ஒன்றும் ஆகாமல், பதினோராம் நாள் வழக்கத்தைவிடக் குறைவாக அடித்தபோது விழுந்தவர்களின் கதைக்கு இதுதான் காரணம். கூடவே ஒரு பீடியையும் பிடித்து, கைகழுவாமல் வரப்பிலேயே சோற்றைப் பிசைந்தால் சொல்லவே வேண்டாம்.

மருந்து வாய் வழியாகத்தான் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மருந்தடிப்பவர்களுக்குத் தோல்தான் பெரிய வாசல். முதுகில் கசியும் டேங்க், நனைந்த சட்டை, வெறுங்கையால் கலக்குவது, அடைத்த நாஸிலை வாயால் ஊதுவது, நெஞ்சளவு உயர்ந்த பயிருக்குள் முன்னோக்கி நடந்துகொண்டே அடிப்பது, இவை எல்லாம் சேர்கின்றன. வியர்த்த தோலில் இன்னும் வேகமாக ஏறும். கூலி டேங்குக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால் நிற்கவும் மனம் வராது. வயல்காரர்களும் இதை யோசிக்க வேண்டும். அடிப்பவரை நாள் கூலிக்கு வைத்து, காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னால் செலவு பெரிதாக ஏறிவிடாது. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு முகக்கவசம், ஒரு வாளி தண்ணீர், ஒரு சோப்பு, இவற்றை மருந்தோடு சேர்த்து வரப்பில் கொண்டுபோய் வைப்பது வயல்காரரின் வேலை.

மருந்தடித்தவருக்குக் குமட்டல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். காற்றோட்டமான இடத்துக்கு வந்து, சட்டை, வேட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தலைமுடி, நகக்கண் உட்படச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். பார்ப்பவர்கள் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், மோர், எண்ணெய், எலுமிச்சை, இஞ்சி எதையும் புகட்டக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். மருந்து டப்பாவையும் அதோடு வந்த துண்டுத்தாளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். முறிவு மருந்து எது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும்: அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் உள்ள டப்பாவை எடுக்கும்போதே, இதற்குப் பதில் வேறு இருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, பொருளாதாரச் சேதநிலையைத் தாண்டுமுன் மருந்தே தேவைப்படாது என்பதையும் அங்கே சொல்வார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லிவருவதும் அதுதான்.

குமட்டலை இஞ்சியால் மூடக் கூடாத வேறு சில நேரங்களும் டெல்டாவில் உண்டு. தேங்கிய வயல் தண்ணீரில் வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, வாந்தி வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமதித்தால் மஞ்சள்காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். குழந்தை எலி பேஸ்ட்டைத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலும் அப்படியே. ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நாள் நன்றாக விளையாடும். பிறகுதான் கல்லீரல் கெடும். விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இத்தனை சொல்வதால் இஞ்சியின் மதிப்பு குறைந்துவிடாது. தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்று மருத்துவத்துக்கே ஒரு நிலையம் வைத்திருந்தார். அங்கே பல முறை மருத்துவர்களையும் வைத்துச் சோதித்த மருந்து முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகம் அவற்றை நோய்வாரியாகப் பதிப்பித்தது. முன்னோர் சொன்னது என்று விட்டுவிடாமல், கொடுத்துப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் இந்த ஊரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

வீட்டு லேகியத்துக்கும் இது பொருந்தும். சுக்கை முழுசாக வாங்கி வீட்டில் இடிப்பது நல்லது. தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முழுச் சுக்கை உடைத்தால் உள்ளே பூசணமும் வண்டு துளைத்த பொடியும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்பு பூசியதாக இருக்கும். கழுவிக் காயவைத்து, மேல்தோலைச் சுரண்டிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். இஞ்சிச் சாற்றைப் பிழிந்து சற்று வைத்திருந்து, தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு அடியில் படிந்த வெள்ளையைக் கொட்டுவது வழக்கம். அது நஞ்சு என்பார்கள். பெரும்பாலும் அது மாவுச்சத்துதான். ஆனாலும் மண்ணும் அதோடு படியும் என்பதால் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. லேகியம் ஒரு வேளைக்குச் சுண்டைக்காயளவு போதும். இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டால் வயிறு எரியும். சர்க்கரை உள்ளவர்கள் அதிலுள்ள வெல்லத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பேராவூரணிக் கேள்வி இனி. தஞ்சாவூர்ச் சந்தைக்கு இஞ்சி பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வருகிறது. காவிரிப் பாசனத்துக் களிமண்ணில் அதை வியாபாரத்துக்குப் போடுவது வீண் செலவு. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மெது அழுகல் வந்து கிழங்கு கூழாகிவிடும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் செம்மண்ணும் மணலும் கலந்து வடிகால் இருப்பதால் அங்கே வாய்ப்பு உண்டு. தென்னையின் அரை நிழல் இஞ்சிக்குப் பிடிக்கும். ஆனால் கஜா புயலுக்குப் பிறகு நட்ட இளந்தோப்பாக இருந்தால் நிழல் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு ஐந்து சென்ட்டுக்கு மேல் போட வேண்டாம். ஏக்கருக்கு 600 முதல் 700 கிலோ விதைக்கிழங்கு வேண்டியிருக்கும். செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது. கோழிக்கோடு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் வரதா, மஹிமா, ரெஜதா ரகங்கள் நல்லவை. 20 முதல் 25 கிராம் எடையில், ஒரு முளையாவது இருக்கும்படி வெட்டி, லிட்டருக்கு 3 கிராம் மேன்கோசெப் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உயர்த்திய பாத்தியில் வைகாசி மாதம் நட வேண்டும். வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா கலந்து குழியில் இட்டால் அழுகல் குறையும். ஒரு தடவை அழுகல் வந்த இடத்தில் மறுபடி இஞ்சியோ மஞ்சளோ போடக் கூடாது.

களிமண் பகுதிக்காரர்கள் கொல்லையில் பழைய சாக்குப் பையிலோ தொட்டியிலோ போடலாம். செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழு உரம் சம அளவு. பைக்கு அடியில் ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகாது. வைகாசியில் போட்டது தைப் பொங்கலுக்குக் கொத்தோடு பானையில் கட்டத் தயாராக இருக்கும். எட்டு மாதம் முடிந்து இலை மஞ்சளித்த பிறகு எடுத்தால்தான் சுக்குக்கு ஆகும். இளசாக எடுத்தது துவையலுக்கு. சுக்கு போடும்போது தோலைக் கத்தியால் சீவாமல் மூங்கில் சிம்பால் சுரண்ட வேண்டும். இஞ்சியின் வாசனை எண்ணெய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. கத்தி ஆழமாகப் போனால் அது வீணாகும். மாசி, பங்குனி வெயிலில் ஏழெட்டு நாள் காய்ந்து, ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். நான்கைந்து பை இருந்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவைக்குப் போதும். கூடுதலாகக் கிடைத்தால் தூளாக்கி விற்க நினைப்பவர்கள், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், முன்பு நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக இருந்ததில், உலர்த்துவது பற்றியும் பொட்டலமிடுவது பற்றியும் நடக்கும் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

ஒரத்தநாட்டு வாசகர் முதலில் செய்ய வேண்டியது, பத்து நாளாவது மருந்தடிக்காமல் இருந்து, ஒரத்தநாடு அரசு மருத்துவமனைக்குப் போய், என்ன மருந்து எத்தனை நாள் அடித்தார் என்பதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வது. கோலினெஸ்டரேஸ் என்று எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் புரியும். அங்கே வசதி இல்லாவிட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.